வியாபாரக் குறி எப்போது எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது?

ஒரு பொருள் யாருடையது என்று வாங்குபவருக்குக் காட்டும் பெயரோ படமோதான் வியாபாரக் குறி. யாருடையது என்பதை விட்டுவிட்டு, என்ன பொருள் என்பதை மட்டுமே அது சொல்லத் தொடங்கினால் தனியுரிமை நிலைக்காது. பொருளின் பெயரையே ஒருவர் பூட்டிவைத்துக்கொண்டால், அதே பொருளை நேர்மையாக விற்கும் மற்றவர்கள் அதை எப்படித்தான் அழைப்பார்கள்?

தம் காணி வழியே ஊரார் நடப்பதைப் பல்லாண்டு தடுக்காதிருந்தவர், பாதை விழுந்த பின்னர் வேலி போட முனைவதைப் போன்றதே, பொதுப்பெயராகிவிட்ட குறிக்கு உரிமை கோருவது.

ஹட்டன் கடையில் 'பி.ஓ.பி.' கேட்டால் கடைக்காரர் ஒரு தேயிலைத்தூள் தரத்தைத்தான் நிறுத்துத் தருவார்; அச்சொல்லை எவரும் தமதென்று கோர முடியாது. பொதிகளில் அச்சிடப்படும் இரண்டிலையும் மொட்டும் அத்தகையதே. ஆனால் வாளேந்திய சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. இங்கேயே பொதியிடப்பட்ட தூய சிலோன் தேயிலைக்கு மட்டுமே அதற்கு அனுமதி உண்டு. அந்தக் கண்காணிப்பே குறியை உயிரோடு வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

'அஸ்பிரின்' வழக்கு இதை நன்கு விளக்குகிறது. மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் அதைப் பேயர் நிறுவனத்தின் குறியாகவே அறிந்திருந்தபோதிலும், பொதுமக்களுக்கு அது மாத்திரையின் பெயராகிவிட்டது என்று 1921இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெயர் புகழ்பெற்றாலே உரிமை போய்விடும் என்றும், ஓரிடத்தில் போனால் எங்கும் போய்விடும் என்றும் பலர் எண்ணுவது தவறு. கனடாவில் 'அஸ்பிரின்' இன்றும் பேயரின் குறியே.