மஹிந்திரா தாரை உயர்த்துவதா, அம்மாவுக்கு வேறு கார் வாங்குவதா?

கேள்வி: பொள்ளாச்சி அருகே எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. கடைசி மூன்று கிலோமீட்டர் மண் தடம். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓர் ஓடையையும் தாண்ட வேண்டும். போன மாதம் 2021 மாடல் மஹிந்திரா தார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். டீசல், ஃபோர் வீல் டிரைவ், 16 அங்குலச் சக்கரம், 4 இருக்கை. இரண்டு அங்குலம் உயர்த்தி, 33 அங்குல டயர், இரும்பு பம்பர், எல்.இ.டி. விளக்குப் பட்டை எல்லாம் போடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். வீட்டில் அம்மா, அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஆறு பேர். அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. பின் இருக்கையைக் கழற்றிவிட்டு இரு பக்கமும் நீள இருக்கை வைத்தால் ஆறு பேரும் இதிலேயே போகலாம் என்கிறார்கள். பெயர் மாற்றத்தோடு சேர்த்து இவை எல்லாவற்றையும் ஆர்.சி.யில் ஏற்றித் தர ஓர் ஏஜெண்ட் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? இல்லை, தாரை விற்றுவிட்டுக் குடும்ப கார் வாங்குவதா?

பதில்: அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

முப்பது ஆண்டுகள் காப்பீட்டு சர்வேயராக இருந்தவன் நான். விபத்தில் நசுங்கிய வண்டியையும் அதன் ஆர்.சி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் என் வேலை. ‘ஏஜெண்ட் எல்லாம் ஏற்றிவிட்டதாகச் சொன்னாரே’ என்று வண்டிக்காரர் தவிப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஏற்றியிருக்கவே முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்துக்கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் மட்டும் ஐந்து இருக்கின்றன.

சில ஏஜெண்டுகள் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. ஆய்வகத்தின் பெயர் போட்ட தாள் ஒன்றை நீட்டுவார்கள். அந்த ஆய்வகம் தயாரிப்பாளர்கள் கொண்டுவரும் வாகனங்களையும் பாகங்களையும் சோதிக்கிறது. ஒரு பாகம் அங்கே சோதனையில் தேறியது என்பதற்காக அதை உங்கள் வண்டியில் மாட்டிக்கொள்ள அனுமதி கிடைத்துவிடாது. இந்த வேறுபாடு ஏஜெண்டுக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னோர் இடத்தில். இந்தப் பொருள்களை எல்லாம் நகரின் முக்கியச் சாலைகளிலேயே கண்ணாடி அலமாரியில் அடுக்கி, ஜி.எஸ்.டி. பில் போட்டு விற்கிறார்கள். வரியை வாங்கிக்கொள்கிறது அரசு. அதே பொருளை மாட்டிக்கொண்டு சோதனைச் சாவடிக்கு வந்தால் அபராதமும் வாங்கிக்கொள்கிறது. விற்றவரை யாரும் கேட்பதில்லை. ‘இதை மாட்டலாம், இதை மாட்டக் கூடாது’ என்று சாதாரணத் தமிழில் ஒரு பக்க அறிவிப்பை ஆர்.டி.ஓ. அலுவலகச் சுவரில் ஒட்டினால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். அதைச் செய்ய ஆளில்லை.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். அதில் மிக மோசமானது அந்த நீள இருக்கை. ‘கம்பெனியே ஆறு இருக்கை போட்டு விற்றதே’ என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். 2020இல் தார் புதிதாக வந்தபோது பக்கவாட்டு இருக்கை கொண்ட ஒரு வகையை அறிவித்தது உண்மை. கொஞ்ச நாளிலேயே அதை விலக்கிக்கொண்டதும் உண்மை. குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது, பின் இருக்கைகள் முன்னோக்கி இருக்கும் தார்தான். கடைக்காரர் வைக்கும் பலகை மெல்லிய தகட்டுத் தரையில் நாலு போல்ட்டில் நிற்கும். பெல்ட் இருக்காது, இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும் வலு அந்தத் தகட்டுக்கு இல்லை. வண்டி சட்டென்று நின்றால் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தோளோடு முன்னால் வீசப்படும். போதாததற்கு உங்கள் ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை 4. ஆறு பேர் இருந்தார்கள் என்று காவல்துறை எழுதிவிட்டால் இழப்பீட்டு வழக்கு முழுவதும் அந்த ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கும். வேண்டாம்.

இரும்பு பம்பரும் வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. வண்டியின் முன்பகுதி மோதும்போது எந்த வேகத்தில் நசுங்குகிறது என்பதை வைத்துத்தான் ஏர்பேக் விரிய வேண்டுமா என்று கணினி முடிவு செய்கிறது. முன்னால் இரும்புச் சட்டத்தை நேராக சேஸிஸில் திருகிவிட்டால் அந்தக் கணக்கு குழம்புகிறது. குறுக்கே வரும் ஆளுக்கு என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

விளக்குப் பட்டையைப் பற்றி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பாதி எரிந்த ஜீப் ஒன்றைப் பார்க்கப் போனேன். பானட்டைக் கடப்பாறையால் நெம்பித்தான் திறக்க முடிந்தது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு வயர், நடுவில் ஃபியூஸும் இல்லை, ரிலேவும் இல்லை, தகட்டுச் சுவரில் துளை போட்டு உள்ளே நுழைந்திருந்தது. அந்தத் துளையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் கிழிந்து, அந்த இடத்தில் செம்பு உருகி, கடுகு அளவில் மணி மணியாக ஒட்டிக்கொண்டிருந்தது. தீ தொடங்கிய இடம் எது என்பதற்கு எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. விளக்குக்கும் மாட்டும் கூலிக்குமாக அவர் கொடுத்தது சில ஆயிரம். நிறுவனம் இழப்பீட்டை மறுத்துவிட்டது. கோப்பை மூடியது நான்தான். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. தோப்புத் தடத்தில் வண்டியின் சொந்த ஹெட்லைட் போதும்.

உயர்த்துவதைப் பற்றி. தாரின் தரை இடைவெளி கம்பெனிக் கணக்கில் சுமார் 220 மில்லிமீட்டர். தண்ணீரில் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். முழங்கால் அளவு என்பது சுமார் 50 சென்டிமீட்டர். அப்படியானால் எதற்காக உயர்த்துகிறீர்கள்? இரண்டு அங்குலம் தூக்கினால் முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்ஸில் சாய்ந்தே சுழலும். அதன் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வழியும். மண் உள்ளே போய் ஜாயிண்ட் ‘டக் டக்’ என்று சத்தம் போடத் தொடங்கும். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் உயர்ந்த வண்டி எப்படிச் சாயும் என்பது அதை ஓட்டுபவரைவிடப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும்.

டயரில் மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் இந்தச் சின்ன விலக்கைக் காட்டித்தான் பெரிய டயரை விற்கிறார்கள். உங்கள் வண்டிக்கு வந்தது 245/75 ஆர்16. இதே தாரின் மேல்வகைக்குக் கம்பெனி கொடுத்தது 255/65 ஆர்18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். கணக்குப் போட்டால் உங்கள் டயரின் மொத்த உயரம் சுமார் 774 மில்லிமீட்டர்; மேல்வகையின் டயர் 789. வேறுபாடு 2 சதவீதம்தான். ஒரே மாடலுக்குத் தயாரிப்பாளரே பொருத்தி விற்ற அளவு என்பதால் இந்த எல்லைக்குள் மாறுவதை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. டீலரிடம் பில்லோடு மாட்டி, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். 33 அங்குல டயர் 838 மில்லிமீட்டர் வரும். அது 8 சதவீதம் கூடுதல். மீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும், வண்டி இழுக்கத் திணறும். கனத்த பெரிய சக்கரத்தை நிறுத்த அதே பழைய பிரேக் கூடுதலாகப் பாடுபட வேண்டும். அதை இந்த விலக்கில் சேர்க்கவே முடியாது.

இன்னொன்று: உங்கள் தேவைக்கு 18 அங்குலமும் வேண்டாம். இப்போதுள்ள டயரின் பக்கச்சுவர் 184 மில்லிமீட்டர். 18 அங்குலத்துக்கு மாறினால் 166 ஆகிவிடும். சேற்றிலும் கல்லிலும் வண்டியைக் காப்பாற்றுவது இந்தப் பக்கச்சுவரின் நெகிழ்வுதான். அதே 245/75 ஆர்16 அளவில், பூ ஆழமான, மண் தடத்துக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவான ‘ஆல் டெரைன்’ டயர் நான்கும் ஸ்டெப்னிக்கு ஒன்றும் போடுங்கள். எடை தாங்கும் குறியீடு பழைய டயரைவிடக் குறையக் கூடாது. சேற்றுக்கென்றே வரும் ‘மட் டெரைன்’ டயரைத் தொடாதீர்கள். நனைந்த தார்ச்சாலையில் அது நிற்காது.

பாக்கிப் பணத்தில் ஒரு நல்ல காற்றடிப்பான், இழுவைப் பட்டை, அதை மாட்ட இரண்டு டி-ஷேக்கிள் கொக்கி வாங்கிப் பின்னால் போட்டு வையுங்கள். மண் தடம் தொடங்கும் இடத்தில் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள், தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் ஏற்றுங்கள். ஓடையில் 4எல் (நான்கு சக்கரமும் மெதுவான கியரில் இழுக்கும் நிலை) போட்டு, நடுவில் நிறுத்தாமல் மெதுவாகக் கடந்துவிடுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் 4எச்சில் (நான்கு சக்கரமும் சாதாரண கியரில் இழுக்கும் நிலை) ஓட்டாதீர்கள். வளைவுகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் போக வேண்டும், இந்த வண்டியில் அதற்கு இடமில்லாததால் கியர்ப் பெட்டி முறுக்கிக்கொள்ளும். தோப்புக்கு இவ்வளவு போதும்.

குடும்பத்துக்கு வேறு கார்தான். தாரை விற்றே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வசதி இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தாரை விற்றுவிடுங்கள், தோப்புத் தடத்தில் கிராவல் கொட்டிக்கொள்ளலாம். மூன்று கதவு தாரின் பின் இருக்கைக்கு முன் இருக்கையை மடக்கித்தான் ஏற வேண்டும். மூட்டு மாற்றிய அம்மாவால் முடியாது. எப்போதும் முன் இருக்கையில் ஏற்றலாம் என்றாலும் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்குவது சிரமம்.

மூன்று வரிசை இருக்கை கொண்ட எர்டிகாவோ இன்னோவாவோ, எதுவானாலும் முதலில் அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். வழக்கமாகக் கட்டும் சேலையிலேயே வரட்டும். முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்ப முடிகிறதா பாருங்கள். உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயரத்தில் இருக்க வேண்டும். அடுத்து மூன்றாவது வரிசையில் நீங்களே பத்து நிமிடம் உட்காருங்கள். பிள்ளைகள் அங்கேதான் போகப்போகிறார்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். எர்டிகாவில் 209 லிட்டர். இரண்டு பெட்டியோடு நிறைந்துவிடும். நட்சத்திர மதிப்பை விற்பனையாளர் வாயால் கேட்காதீர்கள். 2023 முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. நீங்கள் வாங்கும் அதே மாடலின் முடிவை அங்கே தேடுங்கள். தினமும் ஊருக்குள் ஐந்து பத்து கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் பெட்ரோல் வாங்குங்கள். இன்றைய டீசல் வண்டியின் புகை வடிகட்டி குறுகிய ஓட்டத்தில் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும்.

பழைய காராக வாங்குவதானால் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். 2015க்கும் 2023க்கும் பிறகு சென்னையில் மூழ்கிய வண்டிகள் மெருகேறி எந்த ஊர்ச் சந்தைக்கும் வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் மண் நிறக் கோடு தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். உள்ளே எல்லாவற்றையும் கழுவுகிறார்கள், அந்தப் பட்டையின் அடிப்பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, அந்த ஏஜெண்ட். பெயர் மாற்றத்தையும் அவரிடமே விட்டிருக்கிறீர்கள். விற்றவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30 அவரிடம்தான் இருக்கும். இந்த வாரமே திரும்ப வாங்குங்கள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்து, அரசு நிர்ணயித்த கட்டணத்தை மட்டும் கட்டுங்கள். வண்டிக்குக் கடன் இருந்திருந்தால் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35 வங்கியின் கையெழுத்தோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். போன மாதம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கெடு தாண்டியிருக்கும். வண்டியை வெளியே எடுப்பதற்கு முன், நாளைக் காலையே காப்பீட்டு நிறுவனத்தை அழையுங்கள்.