பந்தைக் கேட்டால் கொடுத்திருப்பானே!

கேள்வி: அமெரிக்காவில் இளைஞர்கள் எடுத்ததற்கெல்லாம் துப்பாக்கியைத் தூக்குவதற்கு வீடியோ கேமும் வளர்ப்பு சரியில்லாததும்தானே காரணம்? மழுப்பாமல் சொல்லுங்கள்.

பதில்: மழுப்பவில்லை. அதே வீடியோ கேமை ஜப்பானிலும் தென்கொரியாவிலும் விடிய விடிய ஆடுகிறார்கள். அங்கே விரல் வலிக்கிறது, பிணம் விழுவதில்லை. அமெரிக்காவிலோ மக்கள்தொகையை விடத் துப்பாக்கிகள் அதிகம்!

வளர்ப்பா? யார் வளர்ப்பு? 1930களில் அரசு அமைப்பு ஒன்றே நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி, அங்கே வீட்டுக் கடன் கொடுப்பது ஆபத்து என்று முத்திரை குத்தியது. சிகாகோவில் அப்படிக் குத்தப்பட்ட பகுதிகள் பலவற்றில் பின்னால் ஆலைகளும் மூடப்பட்டு வேலையும் போனது. போலீஸை நம்பாத தெருவில் பையன் தன் மானத்துக்குத் தானே காவல். எதிராளி துப்பாக்கி வைத்திருப்பானோ என்ற பயத்தில் இவனும் ஒன்றை இடுப்பில் செருகிக்கொள்கிறான். பிறகு ஒரு முறைப்பு போதும்.

அதே சிகாகோவில் 'பிகமிங் எ மேன்' (ஆண்மகனாக ஆவது) என்று பள்ளி மாணவர்களுக்கு ஒரு பயிற்சி நடக்கிறது. ஒருவன் கையில் பந்து. மற்றவன் முப்பது விநாடிக்குள் அதை வாங்க வேண்டும். விரலை நெரிப்பார்கள், கையை முறுக்குவார்கள், கட்டிப் புரளுவார்கள். எல்லாம் ஓய்ந்ததும் பயிற்சியாளர் கேட்பார்: "ஏனப்பா, கொடு என்று ஒருவனும் வாய்விட்டுக் கேட்கவில்லையே?" கேட்டால் கோழை என்று நினைப்பானாம். சரி, பந்து வைத்திருந்தவன் என்ன சொல்கிறான்? கேட்டிருந்தால் கொடுத்திருப்பானாம், வெறும் பந்துதானே! (நம் சட்டசபைகளிலும் ஒருமுறை நடத்திப் பார்க்கலாம்.)

இந்தப் பயிற்சி நடந்த காலத்தில், அதில் சேர்ந்தவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்கிறது சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு. 2012 கோடை விடுமுறையில் இன்னொரு சோதனை. வன்முறை மிகுந்த பகுதிகளின் 13 பள்ளிகளிலிருந்து 1,634 மாணவர்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் 8 வாரம் சம்பளத்தோடு பகுதிநேர வேலை. அடுத்த 16 மாதங்களில், வேலை கிடைத்தவர்களிடையே வன்முறைக் கைதுகள் மற்றவர்களை விட 43 சதவீதம் குறைவு.

அவர்களுடைய வீடியோ கேமை யாரும் பிடுங்கவில்லை.