நம்ம வார்டில் ஒரு வருஷத்தில் என்ன நடந்தது? வாசகர் கேள்வி பதில்

வார்டுப் பணிகளைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுபவர், மாநகராட்சி ஒன்றில் வார்டுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: எங்கள் கவுன்சிலர் 'ஓராண்டுச் சாதனை' என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். சாலை, வடிகால், பூங்கா, விளக்கு என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. இதில் எது உண்மை என்று சாதாரண ஜனங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், அம்பத்தூர்)

நோட்டீஸ் போட்டதே நல்ல காரியம். கணக்குச் சொல்ல முன்வந்திருக்கிறார், அதை மதியுங்கள். நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்தார் நாலு பேரோடு தெருத்தெருவாக நடந்து பாருங்கள்.

நடக்கும்போது, எந்த வேலை யாருடைய பணம் என்று பிரித்துக் குறியுங்கள். சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியின் வேலை இல்லை. 1978-லிருந்து அதற்குத் தனி வாரியம் இருக்கிறது. பேருந்து போகும் சாலைகளை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் உள்ள தனித் துறை பார்க்கிறது, உள்தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கிறது. பெரிய மழைநீர் வடிகால்கள் பல, கடன் வாங்கிக் கட்டுபவை. கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கொடுத்தது, கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி கொடுத்தது. இவை போக, எம்.எல்.ஏ. தொகுதி நிதியில் வந்த வேலையும் உண்டு. கவுன்சிலர் தாமே முடிவு செய்து செலவழிக்கச் சொல்வது வார்டு மேம்பாட்டு நிதி ஒன்றைத்தான். இப்படிப் பிரித்துவிட்டால், நாளைக்கு ஒன்று கெட்டுப்போனால் யார் வாசலில் போய் நிற்பது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, 'பணி' என்று எழுதியிருப்பது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எஸ்டிமேட், டெண்டர், ஒர்க் ஆர்டர், வேலை, பில் என்று ஒவ்வொரு வேலைக்கும் வரிசை உண்டு. பூமி பூஜை போட்டதும் சாதனைப் பட்டியலில் ஏறிவிடுகிறது. வேலை நடந்ததற்குச் சாட்சி எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று பொறியாளர் அளந்து அதில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கான்ட்ராக்டருக்குப் பணம் போகும். அந்தப் புத்தகத்தை நீங்கள் பார்க்கலாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஒ) பிரிவு, ஆவணத்தை மட்டுமில்லை, நடக்கிற வேலையையே நேரில் ஆய்வு செய்யவும், போடுகிற பொருளின் மாதிரியைச் சான்றோடு வாங்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னாலும், ஒரு வார்டின் வருஷத்தை நான் எடைபோடும் விதம் வேறு. புதிதாக என்ன வந்தது என்று நான் முதலில் கேட்க மாட்டேன். ஏற்கெனவே இருந்தது எப்படி இருக்கிறது என்று கேட்பேன். போன வருஷம் திறந்த பூங்காவில் குழாயில் தண்ணீர் வருகிறதா? கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? மூன்று வருஷத்துக்கு முன் போட்ட நடைபாதையில் ஸ்லாப் உடைந்த இடத்தில் மாற்றினார்களா? புது வேலைக்குக் கல்வெட்டு உண்டு. பராமரிப்புக்குக் கல்வெட்டு கிடையாது, அதனால் யாரும் நோட்டீஸில் போடுவதும் கிடையாது. ஆனால் ஜனங்களுடைய அன்றாட வாழ்க்கை அதில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் தெருவில் சாலை போடும்போதெல்லாம் உயரம் ஏறுகிறது. இப்போது எங்கள் வீட்டு வாசல்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. ஒரு மழைக்கே தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது. இதையும் வளர்ச்சி என்கிறார்கள். (வாசகி, பெரம்பூர்)

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால், தடவைக்கு இரண்டு அங்குலம் ஏறினாலும் சில தடவைகளில் ஒரு படி காணாமல் போய்விடும். வசதி உள்ளவர்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். இல்லாதவர்கள் வாசலில் செங்கல் வரிசை கட்டிக்கொண்டு மழைக்காலம் முழுக்கத் தூக்கமில்லாமல் இருக்கிறார்கள்.

இதற்கு உத்தரவு இருக்கிறது. 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். இந்தச் சுரண்டலுக்குத்தான் மில்லிங் என்று பெயர். எஸ்டிமேட்டில் மில்லிங்குக்கு என்று தனி ஐட்டம் இருக்கும், அதற்குத் தனித் தொகையும் இருக்கும். உங்கள் தெருவின் எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்கி, அந்த ஐட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தார் போட வருவதற்கு முந்தைய நாளே, உங்கள் வாசல்படியிலிருந்து சாலைவரை டேப் வைத்து அளந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். மில்லிங் இயந்திரம் வராமல் தார் லாரி மட்டும் வந்தால், அப்போதே மாநகராட்சியின் புகார் தொலைபேசியான 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிவிடுங்கள். தார் இறுகின பிறகு சொன்னால் யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: வடிகால் கட்டி முடித்துவிட்டார்கள். ஆனாலும் மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. ஏன்? (வாசகர், வேளச்சேரி)

மூன்று இடங்களைப் பாருங்கள்.

சாலையோரத்தில் வடிகாலுக்குத் தண்ணீர் இறங்கும் துளை. தண்ணீர் தேங்கும் பள்ளம் ஓரிடத்திலும் துளை வேறிடத்திலும் இருந்தால், வடிகால் எவ்வளவு ஆழமாக இருந்தும் பயனில்லை. துளைக்குக் கீழே உள்ள வண்டல் தொட்டியை மழைக்கு முன்பு ஒரு தடவை சுத்தம் செய்தால் போதாது, வடகிழக்குப் பருவமழை நடக்கும்போதே திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு பெருமழைக்கே அது மணலாலும் பிளாஸ்டிக் பையாலும் நிறைந்துவிடும்.

இரண்டாவது, உள்ளே என்ன ஓடுகிறது என்பது. மழை இல்லாத மாதத்தில் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால், யாரோ கழிவுநீரை அதில் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மழை வரும்போது அந்த வடிகாலில் இடம் இருக்காது. இதில் நம் ஜனங்களுக்கும் பங்கு உண்டு.

மூன்றாவதுதான் பெரியது: போய்ச் சேரும் இடம். வேளச்சேரித் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாகவும் மற்ற கால்வாய்கள் வழியாகவும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே மட்டம் ஏறியிருந்தாலோ ஓடை குறுகியிருந்தாலோ உங்கள் தெரு வடிகாலில் தண்ணீர் அப்படியே நிற்கும், சில சமயம் திரும்பியும் வரும். ஆகவே வார்டுக்குள் எத்தனை மீட்டர் வடிகால் கட்டினார்கள் என்ற கணக்கோடு, அது எந்தக் கால்வாயில் சேர்கிறது, அந்தக் கால்வாயைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்றும் கேளுங்கள். பக்கத்து வார்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள், ஏனென்றால் தண்ணீருக்கு வார்டு எல்லை கிடையாது.

கேள்வி: குப்பை விஷயத்தில் எங்கள் வார்டு முன்னேறியதா என்று எப்படிச் சொல்வது? (வாசகி, தண்டையார்பேட்டை)

வீட்டில் பிரித்துக் கொடுத்த மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் வண்டியில் பிரிந்தே போகிறதா என்று பாருங்கள். வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிட்டால், அது கொடுங்கையூர் குப்பை மலைக்குத்தான் போகும். தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் காலணியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத வார்டை, தெரு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், முன்னேறியது என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பகுதி சபைக் கூட்டத்துக்குப் போனேன். கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள். இதனால் என்ன பயன்? (கல்லூரி மாணவர், கொளத்தூர்)

தம்பி, நீங்கள் போனதற்கு என் வாழ்த்து. கிராமத்துக்குக் கிராம சபை இருந்ததுபோல நகரத்துக்கு ஒன்றும் இல்லாமல் பல வருஷம் போயிற்று. நகர உள்ளாட்சிகளுக்கான அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இலேயே நடைமுறைக்கு வந்தும், நம் மாநிலத்தில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தது 2022-இல்தான். அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். இது இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கிற ஏற்பாடு. கூட்டம் குறைவு என்று நாமும் போகாமல் விட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

பயன் எப்போது வரும் என்றால், கேட்கிற நேரத்தில் கேட்டால் வரும். மாநகராட்சி பட்ஜெட் மார்ச் வாக்கில் வரும். அதற்கான பட்டியல்கள் குளிர்காலத்திலேயே தயாராகும். ஜனவரிக்குள் நடக்கிற கூட்டத்தில் உங்கள் தெருவின் தேவையைச் சொன்னால் பட்டியலில் ஏற வாய்ப்பு உண்டு. ஏப்ரலில் சொன்னால் அடுத்த வருஷம்தான். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதிந்தார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக, 'போன தடவை பதிந்தது என்ன ஆயிற்று?' என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வார்டில் பெண் கவுன்சிலர். ஆனால் போன் செய்தால் அவர் கணவர்தான் பேசுகிறார். என்ன செய்வது? (வாசகி, ராயபுரம்)

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் செய்தது, அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து முடிவு எடுக்கத்தான். மனுவை அவர் பெயருக்கே எழுதுங்கள். 'மேடத்திடம் நேரில் பேச வேண்டும்' என்று மரியாதையாகச் சொல்லிக் காத்திருங்கள். பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். கழிப்பறை, தெருவிளக்கு, ரேஷன் கடை போகும் வழி என்று உங்களுக்குத் தெரிந்ததையே அவரிடம் பேசுங்கள். என் அனுபவத்தில், இப்படி நேராகத் தேடிவந்த பெண்களால்தான் சில கவுன்சிலர்கள் தாங்களே மண்டல அலுவலகத்துக்கு வந்து, ஃபைலைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தொடங்கினார்கள்.