காஸ்மீட்டர் வாங்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் குயின்கி முறைச் சோதனைக்கும் (திரவம் காந்தப் புலத்தில் எவ்வளவு காந்தமாகிறது என்பதை, அதாவது அதன் காந்த ஏற்புத்திறனை, அளப்பது) ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் சோதனைக்கும் (ஒரே மாதிரியான இரு சுருள்களின் நடுவே சீரான காந்தப் புலம் உண்டாக்குவது) பொதுவாக, காந்தப் புலத்தை காஸ் என்ற அலகில் அளக்கும் ஒரு டிஜிட்டல் காஸ்மீட்டர் வாங்க இருக்கிறோம். இரண்டு விலைப்புள்ளிகள் வந்துள்ளன. ஒன்றில் 20,000 காஸ் என்ற ஒரே வரம்புதான் உண்டு. மற்றொன்றில் 200, 2,000, 20,000 என மூன்று வரம்புகள் உண்டு, விலையோ ஏறக்குறைய இரு மடங்கு. துல்லியம் 1 விழுக்காடு என்று இரண்டிலுமே குறிப்பிட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: அந்த 1 விழுக்காடு எதன் மீது கணக்கிடப்பட்டது என்பதை இரு விற்பனையாளர்களிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காட்டும் அளவில் 1 விழுக்காடு என்பது வேறு, முழு வரம்பில் 1 விழுக்காடு என்பது வேறு. பின்னதாக இருந்தால், 20,000 காஸ் வரம்பில் எந்த அளவீட்டிலும் 200 காஸ் வரை பிழை இருக்கலாம். மின்காந்தத்தின் துருவங்களுக்கிடையே 8,000 காஸ் அளக்கும்போது இது 2.5 விழுக்காடு; குயின்கி முறையில் காந்த ஏற்புத்திறனைக் கணக்கிடப் புலத்தின் இருமடியால் வகுப்பதால், விடையில் பிழை 5 விழுக்காடாகிவிடும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சோதனையிலோ, 10 செ.மீ. ஆரமும் சுருளுக்கு 100 சுற்றும் கொண்ட இணையில் 1 ஆம்பியர் செலுத்தினால் நடுவில் கிடைப்பது சுமார் 9 காஸ்தான். அதை 200 காஸ் பிழையுள்ள கருவியால் அளக்க முயல்வது, நகை எடை போட லாரி எடைமேடையை நாடுவதற்கு ஒப்பாகும். ஆகவே, நிதி இடம் கொடுத்தால் மூன்று வரம்புள்ள கருவியையே வாங்குங்கள். அதிலும் 200 காஸ் வரம்பில் 0.1 காஸ் வரை காட்டுகிறதா என்று பாருங்கள்.

கருவிப் பெட்டியைவிட, புலத்தை உணர அதனுடன் இணைக்கும் ஹால் முனையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின்படி இயங்கும் அந்த மெல்லிய குறைகடத்தித் தகடு, மாணவர் கையில் ஒருமுறை வளைந்தாலே பழுதாகக்கூடும். உதிரி முனையின் விலையையும், அதை மாற்றியபின் மீண்டும் அளவுத்திருத்தம் தேவையா என்பதையும் கொள்முதல் ஆணைக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மின்காந்தத் துருவங்களின் இடைவெளியில் நுழைக்கத் தட்டையான குறுக்கு முனையும், வரிச்சுருளின் உள்ளே அச்சுவழி அளக்க அச்சு முனையும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் சரியாகச் செய்யாது.

கருவி வந்தவுடன், பணம் விடுவிக்குமுன், ஒரு நிலைக்காந்தத்தின் அருகே முனையை வைத்து அளந்து, அதே இடத்தில் 180 பாகை திருப்பி மீண்டும் அளவிடுங்கள். குறி மட்டும் மாறி எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். எண்கள் வேறுபட்டால் அந்த வேறுபாட்டின் பாதியே சுழிப் பிழை, அதாவது புலமே இல்லாதபோதும் கருவி காட்டும் அளவு. சுழித் திருகால் அது சரியாகாவிட்டால் கருவியைத் திருப்பி அனுப்பலாம்.

கேள்வி: கைப்பேசியில் உள்ள காந்தமானிச் செயலி போதாதா?

பதில்: திசைகாட்டிக்கென வைக்கப்பட்ட அந்த உணரி, அரை காஸ் அளவிலான புவிக்காந்தப் புலத்தை அறியவே அமைக்கப்பட்டது, வழக்கமான வகைகள் சில பத்து காஸுக்கு மேல் அளப்பதில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளருகே மாணவர்கள் ஆர்வத்துக்காகப் பார்க்கட்டும், ஆனால் மின்காந்தத்தின் அருகே கைப்பேசியைக் கொண்டுசெல்ல விடாதீர்கள்.