கட்டைவிரலும் நட்சத்திரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சூரியன்தான் நடுவில் என்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ் சொல்லிவிட்டார். அதையே மறுபடி சொன்ன கோப்பர்நிக்கஸின் நூல் வந்ததோ 1543இல். நடுவில் இத்தனை காலம் மனிதர்கள் எப்படி முட்டாள்களாகவே இருந்தார்கள்? மதபயமா? நவக்கிரகம் வைத்த நம் முன்னோருக்கு உண்மை தெரிந்திருக்குமா?

எம்.

அன்புள்ள எம்,

நவக்கிரகத்தில் சூரியனும் ஒரு கிரகம். அந்தக் கேள்விக்கு அதுவே பதில். தேவாலயத்தையும் விடுங்கள், அரிஸ்டார்க்கஸை ஒதுக்கிய காலத்தில் தேவாலயமே கிடையாது. ஆனால் ‘முட்டாள்கள்’ என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரில் விரல் இடம் மாறும். பூமி சூரியனைச் சுற்றினால் ஆறு மாத இடைவெளியில் நட்சத்திரங்களும் அப்படி நகர்ந்து தெரிய வேண்டும். பார்த்தார்கள், நகரவில்லை. தொலைநோக்கி வருவதற்கு முன் உலகத்திலேயே நுட்பமாக வானத்தை அளந்த டைக்கோ பிராஹியும் ஹ்வென் தீவில் அளந்து பார்த்தார். நகரவில்லை. அப்படியென்றால் பூமி நிற்கிறது என்றுதானே ஒரு நேர்மையான மனிதன் சொல்வான்? நட்சத்திரங்கள் நினைத்தே பார்க்க முடியாத தூரத்தில் இருக்கின்றன என்பது இன்னொரு பதில். அதற்கு அன்று கையில் சான்று இல்லை. 1838இல்தான் பெஸ்ஸல் என்ற ஜெர்மானிய வானியலாளர் ஒரு நட்சத்திரத்தின் இடப்பெயர்ச்சியை அளந்து சொன்னார். ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை அது! வெறும் கண்ணால் அதைப் பார்க்கவில்லை என்றா அவர்களை முட்டாள் என்கிறீர்கள்?

நீங்கள் ஒரு கிரகத்தையாவது ஒரு மாதம் தொடர்ந்து பார்த்ததுண்டா? 2016 சித்திரையில் நானும் மகளும் இரவு பத்து மணிக்கு மேல் மாடியில் காத்திருந்து செவ்வாயை நோட்டில் பென்சில் புள்ளியாகக் குறித்தோம். சிவந்த கேட்டை நட்சத்திரத்துக்கு மேலே வந்து நின்றது. பிறகு மேற்கே திரும்பி அனுஷத்தைத் தாண்டிப் பின்னோக்கிப் போனது. பஞ்சாங்கக்காரர்கள் வக்கிரம் என்பார்கள். ஜூன் கடைசியில் மறுபடி நின்று திரும்பியது. ஆவணியில் விளக்கு வைக்கும் நேரத்துக்கே கேட்டையிடம் வந்து சேர்ந்தது, முன்னைவிட நெருக்கமாக. புள்ளிகளைக் கோடாக இணைத்த மகள், “அது ஏன்ப்பா திரும்பிப் போச்சு?” என்றாள். பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடிச் செவ்வாயை முந்துகிறது என்று எனக்குத் தெரியும். அந்த மாடியில் நின்றுகொண்டு என் கண்ணால் அதை நிரூபிக்க என்னால் முடியவில்லை. அதே திரும்பலைத்தான் அலெக்சாண்டிரியாவில் தாலமி என்ற பழங்கால வானியலாளர், பூமியை நடுவில் வைத்து, பெரிய வட்டத்தின் மேல் உருளும் சிறு வட்டமாகக் கணக்குப் போட்டார். எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்று அவரால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அந்த உழைப்பை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

2027 ஜனவரியில் செவ்வாய் சிம்மத்தில் நின்று, மகத்தைக் கடந்து பின்னால் போகும். ஏப்ரலில் திரும்பும். கோடு போடாத நோட்டாக ஒன்று வாங்கி வையுங்கள்.