அடைப்புக்குறிக்கு ஒரு வேலை இருக்கிறது

கேள்வி: வரையாட்டுக்கு ‘நீல்கிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ் (ஆகில்பி, 1838)’ என்றும், யானைக்கு ‘எலிபாஸ் மாக்ஸிமஸ் லின்னேயஸ், 1758’ என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். அடைப்புக்குறியை ஒரே சீராகப் போடக்கூடாதா? ‘நீல்கிரிட்ராகஸ்’ என்று 2005-இல் பெயர் வைத்தவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: சீராக்கினால் தவறாகிவிடும். அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். பின்னால் வருவது சிற்றினத்துக்குப் பெயர் வைத்த ஆசிரியரும் ஆண்டும். சிற்றினத்துக்குப் பெயர் வைத்தவர் அதை முதலில் வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார் என்பதற்கு அடையாளம்தான் அந்த அடைப்புக்குறி. விலங்கியல் பெயரீட்டு விதித்தொகுப்பின் 51-ஆம் விதி இது. ஆகில்பி எழுதியது ‘கேமாஸ் ஹைலோகிரியஸ்’. அது பிறகு ஹெமிட்ராகஸ் பேரினத்துக்குப் போனது. இமயமலையில் வாழும் ‘தார்’ என்ற காட்டாட்டைவிடச் செம்மறியாட்டுக்கே இது நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வில் தெரிந்ததும், ரோபிகேயும் ஹசானினும் 2005-இல் தனிப் பேரினம் அமைத்தார்கள். பேரினம் எத்தனை முறை மாறினாலும் ‘ஹைலோகிரியஸ்’ ஆகில்பி வைத்த பெயர்தான். யானையை லின்னேயஸ் வைத்த எலிபாஸிலேயே இன்றும் வைத்திருக்கிறோம். அதனால் அடைப்புக்குறி இல்லை.

ரோபிகே, ஹசானின் பெயர்கள் பேரினத்துக்கு உரியவை. பேரினத்தைத் தனியாகக் குறிப்பிடும்போது ‘நீல்கிரிட்ராகஸ் ரோபிகே & ஹசானின், 2005’ என்று எழுத வேண்டும். தாவரவியல் வழக்கம் வேறு. கருவேலத்தை வாச்செல்லியா என்ற பேரினத்துக்கு மாற்றியவர்களின் பெயர், அடைப்புக்குறிக்குள் நிற்கும் லின்னேயஸுக்குப் பின்னால் கட்டாயம் வரும். விலங்கியலில் அப்படிச் சேர்க்கத் தடையில்லை, ஆனால் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். சிற்றினம் முதன்முதலில் விவரிக்கப்பட்ட கட்டுரையைத் தேடி எடுங்கள். அதில் உள்ள பேரினமும் இன்றைய பேரினமும் ஒன்றானால் அடைப்புக்குறி வேண்டாம். வேறானால் ஆசிரியர், ஆண்டு இரண்டையும் சேர்த்து அடையுங்கள். ‘லின்னேயஸ் (1758)’ என்று ஆண்டை மட்டும் அடைப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் பிழை. அது நூல் மேற்கோள் காட்டும் முறை. இங்கே வைத்தால் பேரினம் மாறிய செய்தியே மறைந்துபோகும்.

பெயரின் விகுதி மாறுவதைக் கண்டு ஏமாறாதீர்கள். சிட்டுக்குருவி லின்னேயஸிடம் ‘ஃபிரிஞ்சில்லா டொமெஸ்டிகா’. இன்று ‘பாசர் டொமெஸ்டிகஸ் (லின்னேயஸ், 1758)’. பேரினப் பெயர் ஆண்பாலா பெண்பாலா என்பதற்கு ஏற்ப விகுதி மாறும், ஆசிரியர் மாறமாட்டார். பேரினம் அதுவாகவே இருந்து, முதல் கட்டுரையில் அதன் எழுத்து மட்டும் பிழையாக இருந்திருந்தாலோ, துணைப்பேரினம் (பேரினத்துக்குள் இருக்கும் உட்பிரிவு) மட்டும் மாறியிருந்தாலோ அடைப்புக்குறி போடக்கூடாது.