பரணில் கிடக்கும் பழைய மர வானொலியைத் திரும்பப் பாட வைக்க முடியுமா?

மலையகத்து ஹட்டன் அருகே உள்ள வீட்டின் பரணில் கிடைத்த தாத்தாவின் வால்வு (கண்ணாடிக் குழாய்) வானொலியை நேரே மின்சாரத்தில் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். என் முதல் வானொலியை அப்படித்தான் புகைய விட்டேன்.

வால்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பவை மின்னூட்டத்தைத் தேக்கும் மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள். ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வின் கிரிட் என்ற கட்டுப்பாட்டு முனைக்குப் போகும் கண்டென்சரை முதலில் மாற்றுங்கள். அது கசிந்தால் அந்த வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். 630 வோல்ட் தாங்கும் பாலியஸ்டர் கண்டென்சர் போதும். மின்வழங்கியில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களையும் மாற்றிவிடுங்கள். பிறகு 60 வாட் இழைக் குமிழ் ஒன்றை மின்கம்பியில் தொடராக இணைத்து மின்சாரம் கொடுங்கள். குமிழ் முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே அணையுங்கள். உள்ளே சுமார் 250 வோல்ட் நேர்மின்சாரம் ஓடும். அணைத்த பின்னும் கண்டென்சர்களில் தங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகையானால் இரும்புச் சட்டமே ஷாக் அடிக்கலாம், அதைப் பழகிய கையிடம் விடுங்கள்.

மரப்பெட்டியை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேலிருப்பது வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு. அடுப்புப் புகைக் கறையை ஈரத்துணி எடுத்துவிடும். நிலைய எழுத்துகள் அச்சான கண்ணாடிப் பக்கத்தில் மட்டும் ஈரம் படக்கூடாது. எழுத்து துணியோடு வந்துவிடும். அரக்கு மெருகு பூசுவதானால் பனிமூட்டம் இல்லாத நாளாகப் பாருங்கள், ஈரக்காற்றில் அது வெளுத்துப்போகும்.

இரவில் மத்திய அலையைத் திருப்பிப் பாருங்கள், தமிழ்நாட்டு நிலையங்கள் இரைச்சலோடு வந்து சேரும்.